பெயர் சொல்லி மன்றாடுவோம்

(நம் பங்கின் ஜூபிலி ஆண்டில், கல்லறைத் திருநாளுக்கு முந்திய ஞாயிறு மாலை, பங்கு மண்டபத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



ஜூபிலி நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கோவில் வாசலில் ஒட்டிய நாள் முதல் அதில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. கொடியேற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நற்கருணைப் பவனி எந்தத் தெரு வழியாகப் போவது என்று ஆண்டுதோறும் நடக்கும் வழக்குக்கூட இந்த ஆண்டு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. "நவம்பர் 2, மாலை 4.30 மணி: நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் மன்றாட்டு" என்ற வரிதான் பலருக்குப் புரியவில்லை, சிலருக்குப் பிடிக்கவும் இல்லை. ஜூபிலிக் கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்து நேராகவே கேட்டார்: "சாமி, நம்ம வீட்டு ஆத்துமாக்களுக்கே பூசைக்குக் கொடுக்க ஆளில்லை. நம்மை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு நாம ஏன் மெழுகுத்திரி ஏத்தணும்?" கேட்டவர் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதற்காகவே இந்த மாலைக் கூட்டம்.

மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் பேருந்தில் போகும்போது, வெட்டிவிட்ட பச்சைப் புல்லையும், வரிசை பிசகாத வெள்ளைக் கற்களையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அதிகம் உயராது. பரங்கிமலை யாத்திரைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூட அதைப் பூங்கா என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். அங்கே 856 பேர் துயில்கிறார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்த நாட்டில் பணியாற்றி, இந்த நாட்டிலேயே இறந்த காமன்வெல்த் படைவீரர்கள் அவர்கள்.

அவர்களில் பலர் முதலில் அங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்லர். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த பல கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் ஊர்க் கல்லறைகளிலும் ஆங்காங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அந்த இடங்களையெல்லாம் காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்ற நிலை வந்தபோது, 1952-ம் ஆண்டில் நந்தம்பாக்கத்தில் இந்தத் தோட்டத்தை அமைத்து, அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு முறை மண்ணுக்குள் வைக்கப்பட்டவர்கள் என்று சொல்லலாம். தோட்டத்தின் பின்புறத்தில் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்த காலத்தில் இறந்து, இந்தியாவின் பல பகுதிகளில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய உடல்கள் அங்கே இல்லை. பெயர்கள் மட்டும் வந்திருக்கின்றன.

இங்கே ஏது யுத்தம் என்று பிள்ளைகள் கேட்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போயிற்று. இன்றைக்கும் பொல்லாத ஆளை "அவன் ஒரு எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான். 1942-ம் ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தன. ஏப்ரல் 9-ல் திருகோணமலை. அந்த வாரத்தில் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் நம் தென்னாட்டு மண்ணில் தரைப்போர் நடக்கவில்லை. ஆகவே இங்கே கிடக்கிறவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலிலும், விபத்திலும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் செத்தவர்கள். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்று கல்லில் வயதைப் படித்துக்கொண்டே போனால், இன்று நம் இளைஞர் மன்றத்தில் இருக்கிற பையன்களின் வயதாகவே இருக்கிறது. பெற்ற தாய் வந்து பார்க்க முடியாத தூரத்தில் இறந்தவர்கள்.

இவர்களுக்காக மன்றாடலாமா என்பதற்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. நவம்பர் மாதத்தில் நாம் அடிக்கடி வாசிக்கிற பகுதிதான்: மக்கபேயர் இரண்டாம் ஆகமம், 12-ம் அதிகாரம். இறந்தவர்களுக்காக மன்றாடுவது நல்லது என்பதற்கு ஞானோபதேச வகுப்பிலே இந்த அதிகாரத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அங்கே இறந்தவர்கள் யார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்கள் படைவீரர்கள். யூதா மக்கபே போர் முடிந்த பிறகு, செத்த தன் வீரர்களை எடுத்து முறைப்படி அடக்கம் செய்யப் போகிறார். போனால், ஒவ்வொருவனுடைய அங்கிக்குள்ளும் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்து இருக்கிறது! நியாயப்பிரமாணத்தால் விலக்கப்பட்ட பொருள். பாவத்தோடு செத்தவர்கள் என்பது கண்கூடாகத் தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "இவனுக்கெல்லாம் பூசையா?" என்று கேட்டிருப்போம். யூதா என்ன செய்தார்? வீரர்களிடத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, இரண்டாயிரம் திராக்மா வெள்ளிக் காசு சேர்த்து, பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலை நம்பியதால் அப்படிச் செய்தார் என்று ஆகமமே காரணமும் சொல்கிறது.

ஆக, செத்தவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான், சட்டைக்குள் என்ன வைத்திருந்தான் என்று விசாரித்து மெழுகுத்திரி ஏற்றுவது நம் திருச்சபையின் வழக்கம் அல்ல. நந்தம்பாக்கத்தில் கத்தோலிக்கர் அல்லாதாரும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதாரும் இருக்கலாம். நான்காம் நற்கருணை மன்றாட்டில், தங்கள் விசுவாசத்தைக் கடவுள் ஒருவரே அறிந்திருக்கிற இறந்தோருக்காகவும் நாம் வேண்டிக்கொள்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் உலகத் திருச்சபைக்கு எப்போது வந்தது தெரியுமா? 1915 ஆகஸ்டில், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் கொடுத்த அனுமதி அது. போர்க்களங்களில் இளைஞர்கள் ஆயிரம் ஆயிரமாகச் சாகிறார்கள், அவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க ஆளில்லை என்ற வேதனையால் கொடுத்தார். நூறு ஆண்டுக்கு மேலாக நவம்பர் 2-ல் நாம் காணும் மூன்று பூசைகளின் பின்னால் இந்தச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். நம் தாத்தா பாட்டிக்குக் கிடைக்கிற பூசைப் பலனில் அவர்களுக்கும் ஒரு பங்கு உரிமை உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது அந்தக் கற்களைப் பற்றிச் சொல்கிறோம். ஏனென்றால் அவற்றிடம் நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு.

இந்தத் தோட்டங்களைப் பராமரிப்பது காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம். 1917-ல் ஃபேபியன் வேர் என்பவருடைய முயற்சியால் தொடங்கியது. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 17 லட்சம் பேருடைய நினைவைக் காத்துவருகிறது. தொடங்கும்போதே சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இறந்த ஒவ்வொருவனுக்கும் அவன் பெயரோடு ஒரு கல், அல்லது ஒரு நினைவுச் சுவரில் அவன் பெயர். ஜெனரலுக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே உயரம், ஒரே அகலம். பணக்காரத் தகப்பன் தன் செலவில் பெரிய கல்லறை கட்ட அனுமதி இல்லை. பிள்ளையின் உடலை ஊருக்கு எடுத்துப்போகவும் அனுமதி இல்லை. அந்நாளில் இங்கிலாந்தில் எத்தனையோ பெற்றோர் இதை எதிர்த்து அழுதார்கள், மனுப் போட்டார்கள். ஆணையம் இளகவில்லை.

குடும்பத்தாருக்கு விட்டுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கல்லின் அடியில் அவர்கள் விருப்பப்படி ஒரு வாசகம். அதுவும் 66 எழுத்துக்குள். முதல் யுத்தத்துக்குப் பிறகு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள். ஏழைத் தாய்மார் என்ன செய்வார்கள் என்று எதிர்ப்பு வரவே, முடிந்தவர் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். நியூசிலாந்து அரசாங்கமோ, வாசகத்திலும் ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று தன் வீரர்களுக்கு அதையும் தடுத்துவிட்டது. நீங்கள் நந்தம்பாக்கம் போகும்போது கல்லின் மேற்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து அடிப்பகுதியைப் படியுங்கள். மேலே இருப்பது ராணுவம் எழுதியது. கீழே இருப்பது வீட்டார் எழுதியது. ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்ல எண்ணியதையெல்லாம் 66 எழுத்துக்குள் அடக்க எத்தனை இரவு உட்கார்ந்திருப்பாள்!

பெரிய யுத்தக் கல்லறைகளில் ஒரு பலிபீடம் போன்ற நீண்ட கல் இருக்கும். அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தை ருட்யார்டு கிப்ளிங் தேர்ந்தெடுத்தார். அவருடைய ஒரே மகன் 1915-ல் லூஸ் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் மாண்டான். தகப்பன் உயிரோடு இருந்தவரை உடல் அடையாளம் தெரியவில்லை. அவர் எடுத்த வாசகம் சீராக் ஆகமத்தின் 44-ம் அதிகாரத்திலிருந்து. உடல்கள் சமாதானத்தில் அடக்கமாயின, பெயரோ தலைமுறை தலைமுறையாய் வாழும் என்ற கருத்து அமைந்த வசனத்தின் பின்பாதி. பிரிவினை சபைச் சகோதரர்கள் தள்ளுபடி ஆகமம் என்று ஓரமாக வைத்த நூலிலிருந்து அவர்கள் நாட்டுக் கவிஞரே எடுத்து உலகமெங்கும் பொறித்துவைத்தார் என்பதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சிதான்!

ஒரே உயரக் கல் என்று சொன்னோம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நம் கல்லறைத் தோட்டங்கள் உங்கள் கண்ணில் வரவில்லையா? பணமுள்ளவனுக்குப் பளிங்கில் மண்டபம். இல்லாதவனுக்கு மூன்று மாதத்தில் மக்கிப்போகிற மரச் சிலுவை. அது போகட்டும். செத்த பிறகும் இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம், அந்தச் சாதிக்கு அந்தப் பக்கம் என்று நடுவில் சுவர் எழுப்பி வைத்திருக்கிற கல்லறைகள் நம் தமிழ்த் திருச்சபையில் இல்லையா? வேதம் அறியாத அரசாங்க அதிகாரிகள் சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே கல் என்று எழுதிவைத்தார்கள். ஒரே அப்பத்தை உண்கிற நாம் சுவர் கட்டினோம். நம் பங்கில் அந்தச் சுவர் இல்லை என்று சிலர் தலையாட்டுகிறீர்கள். சுவர் இல்லை, சரி. புதைகுழிக்கு இடம் ஒதுக்கும்போது யார் யார் வந்து என்னென்ன பேசுகிறார்கள் என்பது நமக்கும் உபதேசியாருக்கும் தெரியும்.

ஆனால், பங்கு மக்களே, அந்த ஆணையத்தின் விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்ததா என்றால், இல்லை. இங்கேதான் நமது பெரியவர் கேட்ட கேள்வியின் முள் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாம் இந்த உரையை ஆற்றத் தேவையில்லை.

ஈராக் நாட்டில் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-ல் திறக்கப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர் இருக்கிறது. இந்திய அதிகாரிகளின் பெயர் இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் 33,000-க்கும் அதிகமானவர்கள். அவர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணும் மட்டுமே. பெயருக்குக் கல்லில் இடமில்லை. மதராஸ் சாப்பர்கள் அந்த மெசபடோமியாவில்தான் டைகிரிஸ் ஆற்றங்கரையில் வேலை செய்தார்கள். அவர்களைத் தவிர, மூட்டை சுமக்கவும் மண் வெட்டவும் நம் மாகாணத்திலிருந்து ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலே இதைவிடவும் மோசம்.

இதை நாம் கோபத்தில் சொல்லவில்லை. ஆணையமே ஒரு விசாரணைக் குழு வைத்து, 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு, மன்னிப்பும் கேட்டிருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. நூறாண்டு தாமதம். இருந்தாலும் எழுதி ஒப்புக்கொண்டார்களே என்ற அளவில் நல்லதுதான்.

நம் பங்கில் எண்பது வயது தாண்டிய ஒருவர் இருக்கிறார். இந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலைப் பூசைக்குப் பிறகு நம் அறைக்கு வந்தார். அவருடைய பாட்டனார் முதல் யுத்தத்தில் "பஸ்ராவுக்குப் போனவர்". எந்தப் படை, என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போனவர் திரும்பவில்லை. செத்தார் என்று யாரோ வந்து வாயால் சொன்னார்களாம், தேதி சொல்லவில்லை. பாட்டியம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. வருஷப் பூசை வைக்க நாள் தெரியாததால், ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தன் கணவர் பெயருக்குப் பூசை எழுதிவைத்துவிட்டு, மந்திரிப்புக்குப் போய், எந்தக் குழியருகே நிற்பது என்று தெரியாமல் நடுச்சிலுவையின் கீழே மெழுகுத்திரியை வைத்துவிட்டு வருவார்களாம். "என் பாட்டிக்கு ஒரு கல்லு இருக்கு சாமி, பாட்டனுக்கு இல்லை" என்றார் அந்தப் பெரியவர்.

நாம் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தோம். 1614-ல் வெளிவந்த ரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், திருமணம், மரணம் முதலிய எல்லாவற்றையும் பங்குக் குருக்கள் ஏட்டில் பதிந்துவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தக் கட்டளையின் அருமை அன்றைக்குத்தான் நமக்கு முழுமையாக விளங்கியது. செல்லரித்த தாளில் பழைய குரு ஒருவரின் கோணல் எழுத்தில் அந்தப் பாட்டனாரின் ஞானஸ்நானம் இருந்தது. இரு சாட்சிகளின் பெயரோடு திருமணம் இருந்தது. மரணம் இல்லை. உடல் வரவில்லை, அடக்கம் நடக்கவில்லை, ஆகவே பதிவு இல்லை. பிறந்தார், மணமுடித்தார், அதன் பிறகு வெறும் தாள். பஸ்ராவில் கல்லில் இல்லாத பெயர், நம் ஏட்டிலும் பாதியோடு நின்றுபோயிருக்கிறது.

இப்போது நமது கமிட்டிப் பெரியவருக்குப் பதில் சொல்லலாம். நாம் நந்தம்பாக்கம் போவது வெள்ளைக்காரனுடைய ராஜ்யத்தை மெச்சுவதற்காக அல்ல. அங்கே கல் உள்ளவர்களுக்காகவும் மன்றாடுவோம். அந்தக் கற்களுக்கு நடுவில் நின்று, கல்லே இல்லாத நம்மவர்களின் பெயரையும் சத்தமாக வாசிப்போம். ஒன்றைச் செய்தால்தான் மற்றது பொருள்படும். அவர்களுடைய பிள்ளைக்குக் கொடுத்த மரியாதையை நம்முடைய பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிற நாமே, அவர்களுடைய பிள்ளையின் கல்லைத் தாண்டிப் பாராமல் போனால் எப்படி?

அந்நியப் படைவீரன் என்று எல்லோரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1741-ல் குளச்சலில் டச்சுப் படையோடு வந்திறங்கித் தோற்றுச் சிறைப்பட்டவர் டிலனாய். அவரே பின்பு திருவிதாங்கூர்ப் படைக்குப் பெரிய கப்பித்தான் ஆனார். நீலகண்ட பிள்ளை மனமுடைந்து நின்ற காலத்தில் யோபுவின் கதையைச் சொல்லி விசுவாசத்துக்கு வழிகாட்டியவர் அவரே. அந்த நீலகண்ட பிள்ளைதான், 2022 மே 15-ல் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயம். டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது; அதன் எழுத்துகள் இலத்தீனிலும் தமிழிலும் உள்ளன. கோட்டாறுக்குப் புனிதரைத் தரிசிக்கப் போகிறவர்கள் அந்தச் சிப்பாயின் கல்லறையையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீரனுக்குக் கல் வைப்பது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பாடமும் அல்ல. கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முதல், நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் தொல்காப்பியமே துறை வகுத்திருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டும், மாடு மீட்கப் போய்ப் பட்ட வீரனின் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்தவையோ தமிழ்ப் பிராமி எழுத்துக் காலத்தவை. ஒரு குக்கிராமத்தில் மாட்டுக்காகச் செத்தவனுக்கு அந்த மரியாதை நடந்த நாடு இது. கடல் தாண்டிச் செத்தவனுக்கு இந்த நூற்றாண்டில் ஒரு ஏட்டிலாவது பெயர் எழுத வேண்டாமா?

காஞ்சிபுரம் பக்கத்து ஊரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனை எத்தனை பேர் அறிவீர்கள்? மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, தன்னோடிருந்தவர்களைக் காப்பாற்ற வெடியின் மேலேயே விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். தன் நண்பருக்காக உயிர் கொடுப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்னதற்கு உதாரணம் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அவர் கிறிஸ்தவர் அல்லர். அதனால் என்ன?

இனி உயிரோடிருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியும் கன்டோன்மென்ட்டும் சூழ்ந்த பகுதி நம்முடையது. முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கின்றன. 2019-ல் புதுடெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு மாண்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அவர்களுடைய விதவைகள் நவம்பர் மாதம் படும் பாடு நமக்குத் தெரியும். நாம் இறந்தவர்களுக்காக மன்றாடுகிற அதே மாதத்தில், ஓய்வூதியம் வாங்குவோரில் பெரும்பாலோர் "உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சான்று கொடுத்தாக வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோன கிழவிகள் இயந்திரத்தின் முன்னே நின்று, "ரேகை விழவில்லை பாட்டி, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய கை. ரேகை எப்படி இருக்கும்? ஆகவே இந்த மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் பூசைக்குப் பிறகு வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் மன்றத்தாரும் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். ரேகை விழாவிட்டால் முகத்தைப் படம் பிடித்துச் சான்று எடுக்கும் வழியும் இருக்கிறது. ஆதார் அட்டையும் ஓய்வூதியப் புத்தகமும் எடுத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளே வருவார்கள். யார் வீடு என்று மரியாயின் சேனையார் சொல்ல வேண்டும். கைம்மாறாகக் காசு கொடுக்காதீர்கள், காப்பி கொடுக்கலாம்.

நவம்பர் 2 ஏற்பாடுகள். காலையில் வழக்கம்போல் மூன்று பூசை. பூசை முடிந்ததும் நம் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு. மாலை 4 மணிக்குக் கோவில் முன்பிருந்து நந்தம்பாக்கத்துக்குப் புறப்படுவோம். உரியவர்களிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். சில காரியங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நம் கல்லறைகளுக்கு அடிப்பதுபோல் அங்கே யாரும் சுண்ணாம்பு வாளியோடு வர வேண்டாம். கல்லின் மேல் மெழுகுத்திரி ஒட்டக்கூடாது. எண்ணெய், சந்தனம், குங்குமம் எதுவும் கூடாது. கையில் பிடித்த திரியோடு புல்வெளி ஓரத்தில் நிற்போம். ஆளுக்கு ஒரு பூ போதும், மாலை வேண்டாம். பிள்ளைகள் கற்களுக்கிடையில் ஓடிப்பிடித்து விளையாடாமல் தாய்மார் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞானோபதேச வகுப்பு மாணவர்கள் ஆளுக்கு ஒரு கல்லின் முன் நின்று, அதில் உள்ள பெயரையும் வயதையும் உரக்க வாசிப்பார்கள். உச்சரிப்புத் தவறினால் பரவாயில்லை. எந்த மொழியில் கூப்பிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

அதன் பிறகு நம்முடைய பட்டியலை வாசிப்போம். முதலில் அந்த எண்பது வயதுப் பெரியவர் தன் பாட்டனாரின் பெயரைத் தாமே வாசிக்கிறார். அன்றிரவு நம் மரணப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறும். நாளும் இடமும் எழுத வேண்டிய இடத்தில், மெசபடோமியாவிலிருந்து திரும்பவில்லை என்று எழுதுவோம். பதிவேட்டில் அப்படி எழுதத் தகுமா என்று மேற்றிராசனத்தில் கேட்டோம். ஓரக்குறிப்பாக எழுதலாம் என்றார்கள்.

உங்கள் குடும்பத்திலும் பட்டாளத்துக்கோ, கூலிப் படைக்கோ, கப்பலுக்கோ போய்த் திரும்பாதவர்கள் இருக்கலாம். பஸ்ரா, பர்மா, மலேயா, எங்கேயானாலும் சரி. சயாம் ரயில் பாதையில் செத்த தோட்டத் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி தூக்கவில்லை என்றாலும் அதே யுத்தம்தான் அவர்களையும் தின்றது. அங்கே காஞ்சனபுரியில் கைதிச் சிப்பாய்கள் ஏழாயிரம் பேருக்குக் கல் இருக்கிறது, அதே பாதையில் அதே காலராவில் போன நம் தமிழருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. ஆண்டு தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊர் தெரியாவிட்டாலும் விட்டுவிடுங்கள். பெயர் இருந்தால் போதும். பெயரும் மறந்துபோயிருந்தால், இன்னாருடைய பாட்டன், இன்னாருடைய பெரியப்பா என்று எழுதுங்கள், அப்படியே வாசிப்போம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். நோட்டுப் புத்தகம் கோவில்பிள்ளையிடம் இருக்கிறது. பேனாவும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.